ஓடும் முன் இழுத்துவிட்டால் காயம் வராதா?

பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்துக்கோ வ.உ.சி. மைதானத்துக்கோ விடியற்காலையில் போனால், ஓட வந்திருக்கும் எல்லோரும் முதலில் ஒரே காரியத்தைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னுக்குத் தள்ளிக் கெண்டைக்காலை இழுப்பார்கள். ஒற்றைக்காலில் நின்று மற்றப் பாதத்தைப் பின்னால் பிடித்துத் தொடையை இழுப்பார்கள். முழங்கால் மடங்காமல் குனிந்து கால்விரலைத் தொடுவார்கள். போலீஸ் வேலைக்கு ஓடும் இளைஞர்கள், கபடிக் குழுப் பையன்கள், சர்க்கரைக்காக நடக்க வரும் டவுண் கடைக்காரர்கள் என்று யாராக இருந்தாலும் இதில் வித்தியாசம் இல்லை. ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டால் பதிலும் ஒன்றுதான்: "செய்யலன்னா தசை பிடிச்சுக்கிடும்லா."

இந்த நம்பிக்கையை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். கிடைத்த விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடும் முன் தசையை இழுத்துப் பிடிப்பதால் காயங்கள் மொத்தத்தில் குறைவதில்லை. பெரிய கெடுதலும் இல்லை. ஆனால் அதே கால் மணி நேரத்தில் செய்யக்கூடிய வேறு சில பயிற்சிகள் காயத்தை உண்மையிலேயே குறைக்கின்றன. சில காயங்களைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடுகின்றன. அந்தப் பயிற்சிகளை நம் மைதானங்களில் காண்பது அரிது. என் கவலை அதைப் பற்றித்தான்.

ஸ்ட்ரெச்சிங் எனப்படும் இந்த இழுப்பு பள்ளி டிரில்லில் இருந்து வந்தது என்று பலரும் நினைக்கிறோம். ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி. அங்கே பயின்றவர்கள் தமிழகப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்த டிரில், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கைக்குக் கை கால் வீசும் அசைவுகள். நின்ற இடத்தில் அரை நிமிடம் ஒரு நிமிடம் தசையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது பரவலானது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். 1961இல் ஹெர்பர்ட் டி வ்ரீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். கடுமையாக உழைத்த தசைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, அதனால் வலி வருகிறது, வலி தசையை இறுக்குகிறது, இறுக்கம் ரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கிறது, இழுத்துவிட்டால் இந்தச் சுழல் அறுந்துவிடும் என்றார். 1975இல் பாப் ஆண்டர்சன் படங்களோடு வெளியிட்ட 'ஸ்ட்ரெச்சிங்' என்ற புத்தகம் உலகெங்கும் விற்றது. டி வ்ரீஸ் சொன்ன சுழல் பிற்காலச் சோதனைகளில் நிற்கவில்லை. அதை நம்பி வந்த பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

பழக்கம் பயன் தருகிறதா என்று கண்டுபிடிப்பது பார்ப்பதற்கு எளிது, உண்மையில் கடினம். ஸ்ட்ரெச்சிங் செய்கிறவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டால் போதாதா? போதாது. ஒழுங்காக ஸ்ட்ரெச்சிங் செய்கிறவர் மற்றவற்றிலும் ஒழுங்காக இருப்பார். நல்ல ஷூ போடுவார், தூங்குவார், நாள் தவறாமல் ஓடுவார். காயம் குறைந்தால் எதனால் குறைந்தது என்று சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், ஏற்கெனவே தொடை பிடித்துக்கொண்டவர்தான் மற்றவர்களைவிட அதிகமாக இழுத்துவிட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு மறுபடி காயம் வந்தால் பழி ஸ்ட்ரெச்சிங் மேல் விழும். அதனால், ஒரே மாதிரியான ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவை இழுக்கச் சொல்லி மற்றதைச் சொல்லாமல் விட்டு, மாதக்கணக்கில் காயங்களை எண்ணும் சோதனைகளே இங்கே நம்பத் தக்கவை.

அப்படிப்பட்ட சோதனைகளில் ஒன்று நெதர்லாந்தில் வான் மெக்கெலன் குழுவினர் 1993இல் வெளியிட்டது. பொழுதுபோக்காக ஓடும் 421 பேர். ஒரு பிரிவுக்கு வார்ம் அப், ஸ்ட்ரெச்சிங், ஓடி முடித்த பின் மெல்லத் தணியும் பயிற்சி எல்லாம் சொல்லிக்கொடுக்கப்பட்டன. 16 வாரம் கழித்துப் பார்த்தால், சொல்லிக்கொடுக்கப்படாதவர்களுக்கு 1,000 மணி நேர ஓட்டத்துக்கு 4.9 காயங்கள், சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களுக்கு 5.5. பயிற்சியால் காயம் கூடியது என்று இதற்குப் பொருள் சொல்லக் கூடாது. அந்தச் சிறு வேறுபாடு தற்செயலாக வரக்கூடியது. குறையவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

இந்தக் கேள்வியில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் ஆய்வு ஆஸ்திரேலிய ராணுவத்தில் நடந்தது. ராட்னி போப், ராபர்ட் ஹெர்பர்ட் ஆகியோர் குழு 2000இல் அதை வெளியிட்டது. புதிதாகப் படையில் சேர்ந்த 1,538 ஆண்கள். எல்லோருக்கும் ஒரே பயிற்சி, ஒரே அட்டவணை. பயிற்சிக்கு முந்தைய வார்ம் அப்பில் ஒரு பிரிவினர் மட்டும் காலின் ஆறு தசைத் தொகுதிகளை ஒவ்வொன்றாக 20 விநாடி இழுத்துப் பிடித்தார்கள். 12 வாரத்தில் மொத்தம் 333 பேருக்குக் கால் காயம். இழுத்தவர்களில் 158, இழுக்காதவர்களில் 175. இதே குழு 1998இல் வெளியிட்ட, 1,093 பேரை வைத்துச் செய்த சோதனையிலும் கெண்டைக்காலை இழுத்ததால் பயன் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து ஹெர்பர்ட்டும் கேப்ரியலும் 2002இல் கணக்குப் போட்டார்கள். ஸ்ட்ரெச்சிங் ஏதோ கொஞ்சம் உதவுகிறது என்றே வைத்துக்கொண்டாலும், ஒரே ஒரு காயத்தைத் தவிர்க்க ஒருவர் சராசரியாக 23 ஆண்டுகள் ஸ்ட்ரெச்சிங் செய்ய வேண்டியிருக்கும். அதுவும் காயம் மிகுந்த ராணுவப் பயிற்சியின் கணக்கு. காலையில் மூன்று கிலோமீட்டர் நடக்கிறவருக்கு இன்னும் கூடும்.

அந்த 2000 ஆய்வில் ஸ்ட்ரெச்சிங் பற்றிய முடிவைவிட எனக்குப் பெரிதாகப் படும் எண் வேறு. பயிற்சி தொடங்கும் முன் எல்லோரையும் 20 மீட்டர் ஷட்டில் ஓட்டம் ஓட வைத்து உடல்தகுதியை அளந்திருந்தார்கள். தகுதியில் கடைசியில் இருந்தவர்களுக்குக் கால் காயம் வரும் வாய்ப்பு, முதலில் இருந்தவர்களைவிட 14 மடங்கு. இழுத்தவன், இழுக்காதவன் என்ற வேறுபாடு கண்ணுக்கே தெரியாத இடத்தில், ஓடிப் பழகியவன், பழகாதவன் என்ற வேறுபாடு மலைபோல் நிற்கிறது.

நெல்லைச் சீமைக்கு இந்த எண் மிகவும் வேண்டியது. தாமிரபரணிக் கரையில் காவலர் வேலை என்பது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கனவு. மேலே மணிமுத்தாற்றில் சிறப்புக் காவல் படையின் அணிகள் இருக்கின்றன. கீழே ஒவ்வொரு ஊரிலும் காக்கிச் சட்டை போட்ட அண்ணன் ஒருவர் இருக்கிறார். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வில் முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தேறினால்தான் உடல்தகுதித் தேர்வு. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். அதன் பிறகு ஆண்களுக்குக் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். இந்த வரிசையால் நேர்வது என்னவென்றால், மாதக்கணக்கில் உட்கார்ந்து பொது அறிவும் உளவியலும் படித்த பையன், எழுத்துத் தேர்வின் முடிவு வந்த மறுநாள் ஷூவைத் தூசி தட்டி எடுக்கிறான். கையில் இருப்பவை சில வாரங்கள். காலையும் மாலையும் ஓடுகிறான். பத்து நாளில் மூச்சு பழகிவிடுகிறது. எலும்பு அவ்வளவு சீக்கிரம் பழகுவதில்லை.

இதயமும் நுரையீரலும் புதிய வேலைக்கு விரைவில் இசைந்துகொள்ளும், தசை அதற்கு அடுத்து, தசைநாணும் எலும்பும் கடைசியில். ஓட்டத்தின் ஒவ்வொரு அடியும் முழங்காலுக்குக் கீழே உள்ள முன் எலும்பை மிக நுண்ணிய அளவில் நைய வைக்கிறது. ஓய்வில் உடம்பு அதை அடைத்துக் கட்டுகிறது. நைவது கட்டுவதை மிஞ்சினால் முதலில் எலும்போரத்தில் வலி வரும். வலியோடு ஓடினால் மயிரிழை விரிசல். எண்ணெய் போட்டு நீவுவார்கள், கெண்டைக்காலை இன்னும் பலமாக இழுப்பார்கள். விரிசல் தசையில் இல்லையே, இழுத்து என்ன ஆகப்போகிறது? ஓட்டத்தின் அளவை நிதானமாகக் கூட்டியிருந்தால் வந்திருக்காத காயம் இது. தேர்வு நாளன்று நொண்டிக்கொண்டு நிற்கும் பையனிடம் போய் ஒழுங்காக ஸ்ட்ரெச்சிங் பண்ணவில்லையா என்று கேட்பது அநியாயம். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியது ஆறு மாதத்துக்கு முன்பே, படிக்கும் நாட்களிலேயே, வாரம் மூன்று நாள் மெல்ல ஓடு என்பதுதான்.

எதிர்ப் பக்கத்துச் சான்றுகளையும் சொல்ல வேண்டும். அவை சிறியவை, ஆனால் உண்மையானவை. ஜப்பானியப் படைவீரர்கள் 901 பேரிடம் அமாகோ குழுவினர் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில் மொத்தக் காயங்கள் குறையவில்லை. ஆனால் தசை, தசைநாண் காயங்களும் இடுப்பு வலியும் ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களுக்குக் குறைவாக இருந்தன. 2010இல் வெளியான யாம்ட்வெட் குழுவின் ஆய்வு இன்னும் பெரியது. இணையம் வழியாகச் சேர்ந்த 2,377 பேர், 12 வாரம், பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஸ்ட்ரெச்சிங். காலிலும் முதுகிலும் வந்த காயங்களின் மொத்தத்தில் மாற்றம் இல்லை. தசை, தசைநார், தசைநாண் காயங்களை மட்டும் தனியே எண்ணினால் ஆண்டுக்கு ஒருவருக்கு 0.88 என்பது 0.66 ஆகக் குறைந்திருந்தது. பிற்பாடு வரும் உளைச்சலும் சற்றுக் குறைந்தது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. தான் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பது இழுப்பவருக்குத் தெரியும். காயத்தைச் சொல்கிறவரும் அவரேதான். 'பண்ணினோமே, பலன் இருக்கும்' என்ற எண்ணம் ஒரு சிறு பிடிப்பைக் காயம் என்று சொல்லாமல் விட வைக்கலாம். இரண்டையும் எடை போட்டு நான் வரும் முடிவு இது: தசை கிழியும் காயங்களில் ஸ்ட்ரெச்சிங்குக்குச் சிறு பங்கு இருக்கக்கூடும், எலும்பிலும் மூட்டிலும் வரும் காயங்களில் இல்லை.

அமெரிக்காவில் 2,729 ஓட்டக்காரர்களை வைத்து மூன்று மாதம் நடந்த சோதனை ஒன்றும் உண்டு. ஓட்டத்துக்கு முன் இழுத்தவர்களுக்கும் இழுக்காதவர்களுக்கும் காயம் ஒரே அளவு, நூற்றுக்குப் பதினாறு. ஆனால் வழக்கமாக ஸ்ட்ரெச்சிங் செய்துவந்தவர்களைச் செய்யாதே என்று நிறுத்தியபோது, அவர்களுக்குக் காயம் கூடியது. பழகிய உடம்பைத் திடீரென்று மாற்றினால் அது முரண்டு பிடிக்கும் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். இருபது வருடமாக இழுத்துவிட்டு நடக்கும் பெரியவர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளை அதை விட வேண்டியதில்லை.

ஏன் பயன் இல்லை என்பதற்குக் காரணமும் ஓரளவு தெளிவாகிவிட்டது. தசை எப்போது கிழிகிறது என்று பாருங்கள். வேகமாக ஓடும்போது வீசிய கால் தரையைத் தொடப்போகும் அந்தக் கணத்தில், தொடையின் பின்சதை நீண்டுகொண்டே போக வேண்டும், அதே நேரத்தில் காலைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும். நீளும்போதே இறுக வேண்டிய அந்தச் சுமையில்தான் அது கிழிகிறது. காலின் வழக்கமான வீச்சுக்குள்தான் இது நடக்கிறது, எட்டாத தூரத்துக்கு எட்டியதால் வருவதில்லை. தேவைப்படுவது தாங்கும் பலம். காலையில் குனிந்து விரலைத் தொடுவதால் எட்டும் தூரம் கூடலாம், பலம் கூடாது. எட்டும் தூரம் கூடுவதுகூடத் தசை நீண்டுவிட்டதால் அன்று. இழுவையின் வலியை நரம்பு மண்டலம் கொஞ்சம் அதிகமாகப் பொறுத்துக்கொள்ளப் பழகுகிறது என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன.

உடம்பு ரொம்ப வளைந்தால் காயமே வராது என்ற எண்ணமும் சரியில்லை. 1993இல் வெளியான அமெரிக்கக் காலாட்படைப் பயிற்சி ஆய்வு ஒன்றில், மிகக் குறைவாக வளைந்தவர்களுக்கும் மிக அதிகமாக வளைந்தவர்களுக்கும் காயம் கூடுதல். நடுவில் இருந்தவர்கள் தப்பித்தார்கள்.

இழுப்பதால் கெடுதல் உண்டா என்ற கேள்வியில் பத்திரிகைகள் சற்று மிகைப்படுத்திவிட்டன. பேம் குழுவினர் 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நின்று இழுத்துப் பிடித்த உடனே சோதித்தால் ஓட்டம், தாண்டுதல், பலம் ஆகியவற்றில் சராசரியாக 3.7 சதவீதம் குறைந்தது. அசைந்தபடி செய்யும் ஸ்ட்ரெச்சிங்குக்குப் பிறகு 1.3 சதவீதம் கூடியது. ஒரு தசையை 60 விநாடிக்கு மேல் பிடித்தால்தான் இழப்பு பெரிது. அரை நிமிடத்துக்குள் விட்டுவிட்டால் பொருட்படுத்த வேண்டாம். நடப்பவருக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் நீளம் தாண்டவோ 100 மீட்டர் ஓடவோ கோட்டில் போய் நிற்கப்போகும் பையன், தன் முறை வரும் வரை ஐந்து நிமிடம் காலை இழுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது நல்லதில்லை. அவன் துள்ளிக்கொண்டும் முழங்காலைத் தூக்கிக்கொண்டும் இருக்க வேண்டும்.

மறுநாள் வரும் உடம்பு உளைச்சல் பற்றி ஒரு வார்த்தை. பொங்கலன்று வடலிவிளையில் இளவட்டக்கல் தூக்குகிறவர்களைக் கேட்டால் மறுநாளும் அதற்கு மறுநாளும் தோளும் இடுப்பும் என்ன பாடு படும் என்று சொல்வார்கள். இழுத்துவிட்டால் அது போய்விடும் என்பதும் பரவலான நம்பிக்கை. ஹெர்பர்ட் குழுவின் 2011 காக்ரேன் தொகுப்பு பன்னிரண்டு ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, நூற்றுக்கு ஓரிரண்டு புள்ளிதான் குறைகிறது, ஆளுக்குத் தெரியும் அளவு குறைவதில்லை என்றது. இரண்டு மூன்று நாளில் தானே போய்விடும் வலிதான் அது.

இனிக் கபடிக்கு வருகிறேன். தாமிரபரணிப் படுகையில் காயம் என்ற பேச்சு கபடி இல்லாமல் முடியாது. ஆற்றின் கீழ்ப்பகுதியில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியில் பிறந்த கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்றார். மாரி செல்வராஜின் 'பைசன்' படத்துக்கு அவர் வாழ்க்கை தூண்டுதலாக இருந்தது. அந்த வழியில் வர ஆசைப்படும் பையன்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். திருவிழாவை ஒட்டிய ராத்திரிப் போட்டிகளில், விளக்கு வெளிச்சத்தில், மண் தரையில், பெரும்பாலும் வெறுங்காலில் ஆடுகிறார்கள். 13 மீட்டருக்கு 10 மீட்டர் களம். 30 விநாடிப் பாட்டம். பாடிப் போனவன் ஒரு காலை எதிராளி பிடித்திருக்க மறு காலால் உந்தி உடம்பைத் திருப்புகிறான். கணுக்கால் முறுக்குகிறது, முழங்கால் உள்ளே மடிகிறது. 'லிகமென்ட் போயிட்டு' என்று ஒரு வாக்கியத்தில் முடிந்துபோன ஆட்டக்காரர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனை பேர்! அறுவைச் சிகிச்சைக்குப் பணம் இல்லாமலோ, செய்த பிறகு ஆறு ஏழு மாதம் முறையாகப் பயிற்சி எடுக்க வழியில்லாமலோ இருபத்திரண்டு வயதில் ஆட்டத்தை விட்டவர்கள் அவர்கள்.

இந்தக் காயங்களை எந்த ஸ்ட்ரெச்சிங்கும் தடுக்காது. பிடித்தவன் இழுக்கும் திசையில் முழங்கால் மடியாமல் இருக்க இடுப்பிலும் தொடையிலும் பலம் வேண்டும். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் ஒன்றை நோக்கி ஒன்று சரியாமல் இறங்கும் பழக்கம் வேண்டும். கண் பார்க்காமலே பாதம் எங்கே இருக்கிறது என்று அறியும் சமநிலை வேண்டும். இவை மூன்றையும் பயிற்றுவிக்க முடியும் என்பதைக் கால்பந்து காட்டிவிட்டது. நார்வேயில் 125 கிளப்புகளைச் சேர்ந்த, 13 முதல் 17 வயதுள்ள 1,892 பெண்களிடம் 'ஃபிஃபா 11+' என்ற பயிற்சி முறையைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகின. 20 நிமிடம்தான். 8 நிமிடம் மெதுவான ஓட்டம், ஓடியபடியே இடுப்பைத் திறந்து மூடும் அசைவுகளோடு. 10 நிமிடம் பலம், சமநிலை, குதித்தல். கடைசி 2 நிமிடம் வேகமாக ஓடித் திரும்புதல். நின்று இழுத்துப் பிடிப்பது அதில் இல்லை. விலை கொடுத்து வாங்க வேண்டிய கருவியும் இல்லை.

தொடைப் பின்சதைக்கு 'நார்டிக்' என்றொரு பயிற்சி உண்டு. ஒருவன் முழங்காலிட்டு நிற்க, கூட்டாளி அவன் கணுக்கால்களைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறான். முழங்காலிட்டவன் உடம்பை நேராக வைத்தபடி முன்னால் மெல்ல, மிக மெல்லச் சாய்கிறான். இனித் தாங்காது என்ற இடத்தில் கையை ஊன்றிக்கொள்கிறான். அவ்வளவுதான். தசை எந்த நிலையில் கிழியுமோ அதே நிலையில், நீளும்போதே தாங்கும் வேலையில், அது பலப்படுகிறது. டென்மார்க்கில் 50 அணிகளின் 942 ஆட்டக்காரர்களிடம் சோதித்தபோது, செய்தவர்களில் 15 காயங்கள், ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் இருந்த செய்யாதவர்களில் 52. 2011இல் வெளியான இந்த முடிவைப் பிற்காலத் தொகுப்புகள் சற்றுத் தணித்துப் பாதி அளவு குறையும் என்கின்றன. பாதி போதாதா?

லவர்சன் குழுவினர் 2014இல் 25 சோதனைகளை, 26,610 பேரின் கணக்கை, ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். பலப் பயிற்சி செய்தவர்களுக்குக் காயம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. சமநிலைப் பயிற்சியால் ஏறத்தாழப் பாதியானது. ஸ்ட்ரெச்சிங்கால் மாற்றம் ஒன்றும் காணவில்லை. கால்பந்திலும் ஹேண்ட்பாலிலும் ராணுவத்திலும் கிடைத்த எண்களை அப்படியே கபடிக்குத் தூக்கிவைக்கக் கூடாது என்பது சரியே. கபடியில் காயத்தின் பாதிக் காரணம் எதிராளியின் கை. ஆனால் கணுக்காலும் முழங்காலும் எல்லா ஆட்டத்திலும் ஒரே மாதிரியான மூட்டுகள்தான். அவற்றைத் தாங்கும் தசைகளும் அவையேதான்.

நம் பழைய பயிற்சிகளை இந்த வெளிச்சத்தில் பார்க்கத் தோன்றுகிறது. சிலம்பம் படிக்கப் போனால் ஆசான் முதலில் கம்பைக் கொடுப்பதில்லை. காலடி போட வைப்பார். முன்னே, பின்னே, பக்கவாட்டில், திரும்பி. உடம்பு சூடாவதும் சமநிலை பழகுவதும் அதிலேயே நடந்துவிடும். தண்டாலில் உடம்பு நீண்டு தாழ்ந்து எழுகிறது. பஸ்கியில் தொடையும் இடுப்பும் முழு வீச்சில் சுமை தாங்குகின்றன. கர்லாக்கட்டையில் தோள் முழு வட்டம் சுற்றுகிறது. நீட்சியும் பலமும் ஒரே அசைவில் கிடைக்கும் பயிற்சிகள் இவை. முன்னோர்கள் எல்லாம் தெரிந்து செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கும் மூட்டு பிசகியது, வைத்தியரைத் தேடிப் போனார்கள். ஆனால் நவீன ஆய்வுகள் பரிந்துரைக்கும் பயிற்சி நம் ஊர் மண்ணுக்கு அந்நியமானது இல்லை. பஸ்கி எடுக்கத் தெரிந்த பையனுக்கு நார்டிக் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் போதும்.

உடம்பைச் சூடாக்குவதை ஸ்ட்ரெச்சிங்கோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வார்ம் அப் தேவை. சூடான தசை கிழிவதற்குக் கூடுதல் விசை வேண்டும் என்று முயல்களின் தசையில் சாஃப்ரன் குழுவினர் 1988இலேயே காட்டினார்கள். குளிர்ந்த தசையை இழுத்தால் அது சூடாவதில்லை. மெல்ல ஓடினால்தான் சூடாகும். நெல்லை வெயிலில் அதற்கு அதிக நேரமும் தேவையில்லை. சித்திரை வைகாசியில் ஐந்து நிமிடத்தில் வியர்த்துவிடும். அந்த மாதங்களில் வெயிலேறிய பின் ஓடுவதும் தண்ணீர் குடிக்காமல் ஓடுவதும் தசைப் பிடிப்பைவிடப் பெரிய ஆபத்து.

ஸ்ட்ரெச்சிங் தேவைப்படுகிறவர்களும் உண்டு. அரைமண்டியில் நிற்க வேண்டிய பரதநாட்டிய மாணவி, தடை தாண்டும் ஓட்டக்காரர், ஜிம்னாஸ்டிக் செய்யும் பிள்ளை ஆகியோருக்கு அந்த வீச்சு இல்லாமல் வேலை நடக்காது. கட்டுப் போட்டுப் பிரித்த பின் இறுகிப்போன மூட்டுக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்வதைச் செய்தே ஆக வேண்டும். வயதாகி முதுகும் தோளும் இறுகியவர்களுக்கு, சட்டை மாட்டவும் செருப்புப் போடவும் எளிதாக இருக்கிறது என்றாலே அது போதுமான காரணம். யோகாசனம் செய்கிறவர்கள் அதை ஓட்டத்துக்கு முந்தைய ஐந்து நிமிடமாகச் சுருக்காமல் தனி நேரத்தில் செய்யலாம். இவர்கள் யாரும் காயத்துக்குப் பயந்து இழுக்கவில்லை, நீட்சிக்காக இழுக்கிறார்கள். அது நியாயமான காரணம்.

பள்ளிகளில்தான் இதைத் தொடங்க வேண்டும். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுத்துவிட்டு, ஆண்டு முழுக்க ஓடாத பிள்ளையைக் குறுவட்டப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மைதானத்துக்கு இழுத்துவருகிறோம். அந்தப் பிள்ளையின் தொடை பிடித்துக்கொண்டால், வார்ம் அப் சரியில்லை என்கிறோம். சரியில்லாமல் இருந்தது அந்த ஒரு வருடம்.

பாளையங்கோட்டையிலும் டவுணிலும் அம்பாசமுத்திரத்திலும் ஸ்ரீவைகுண்டத்திலும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பி.டி. ஆசிரியர்களுக்கும், கபடிக் குழுக்களை நடத்தும் அண்ணன்களுக்கும், போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி தரும் மையங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வட்டமாக நின்று கால் இழுக்கும் அந்தக் கால் மணி நேரத்தை மாற்றிக் கொடுங்கள். எட்டு நிமிடம் மெல்ல ஓட வையுங்கள். பஸ்கி, நார்டிக், ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து முழங்கால் உள்ளே மடியாமல் இறங்குவது என்று பத்து நிமிடம் செய்ய வையுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், போட்டி இல்லாத மாதங்களிலும் விடாமல். காவலர் தேர்வுக்குப் படிக்கிறவர்களை எழுத்துத் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்க விடாமல், விண்ணப்பம் போட்ட வாரமே மெல்ல ஓடத் தொடங்கச் சொல்லுங்கள்.